சிவப்பு மூடி, நீல மூடி

எங்கள் பெரியப்பாவின் மூத்த மகள் தன் இரண்டாவது மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்த அன்றுதான் அந்தப் பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது. செருப்பைக் கழற்றுவதற்குள் ஆளாளுக்கு, "பொண்ணு எப்படி?" என்று கேட்டார்கள்.

"ஒட்டடைக்குச்சி," என்றாள் அக்கா. "அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. நம்ம வீட்டு நிலைப்படியில குனிஞ்சுதான் நுழையணும். மாமியார் முன்னால குனியற மருமக இந்தக் காலத்துல எங்க கிடைக்கும்? நிலைப்படி முன்னாலயாவது குனியட்டும்."

தாய் இல்லாத பெண். சித்தப்பா வீட்டில், சித்தியின் வாயைக் கேட்டு வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த பிறகு சொந்தத்தில் ஒருவரும் அவளை இயற்பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மாமியாருக்கு அவள் "ஒட்டடை". அவள் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை. சித்தி வீட்டில் கூப்பிட்ட பெயர்களோடு பார்த்தால் இது செல்லப் பெயர்தான்.

கொஞ்ச நாளில் பெயருக்கு ஏற்ற வேலையும் அமைந்தது. இரண்டு தெரு தள்ளி ஒரு டீச்சர் தன் வீட்டுப் பின்புறத்தில் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தாள். தோண்டிக் கட்டிய குளம் அல்ல. இரும்புச் சட்டத்தை வட்டமாக நிறுத்தி, கனமான பிளாஸ்டிக் விரிப்பை அதில் மாட்டி, தரைக்கு மேலே நிற்கிற குளம். ஏறி இறங்க ஓர் ஏணி. அதைச் சுத்தமாக வைத்திருக்க ஆள் தேடினாள். இவள் போய் நின்றாள். நீளக் கம்பில் கட்டிய வலையைக் கையில் கொடுத்ததும் தெருவே சிரித்தது, குச்சி கையில் குச்சி என்று.

புருஷனுக்குப் பிடிக்கவில்லை. அச்சகத்தில் வேலை பார்த்தவன், தலையில் எப்போதும் மை வாசனையும் தலைவலியும். "கண்டவங்க குளிச்ச தண்ணியை எம் பொண்டாட்டி அலசணுமா?" என்று குதித்தான். அன்றைக்கு இவர்களைப் பார்க்க வந்திருந்த அக்காதான் குறுக்கே வந்தாள். "நீ குளிச்ச தண்ணியை நான் அலசலையாடா? அவ போகட்டும். வீட்டுல உக்காந்து உன் மூஞ்சியையே பாத்துக்கிட்டிருந்தா அவளுக்கும்தான் தலைவலி வரும்."

தனக்காக ஒருவர் வாய் திறந்து பேசி அவள் கேட்டது அன்றுதான். அதை அவள் மறக்கவில்லை.

வேலையை நன்றாகப் பிடித்துக்கொண்டாள். விழுந்த இலையை ஊறுமுன் வலையால் அள்ளிவிட வேண்டும், ஊறினால் தண்ணீர் தேநீர் நிறமாகிவிடும். தண்ணீர் மட்டத்தில் பிளாஸ்டிக்கைச் சுற்றி ஒட்டுகிற எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்க்க வேண்டும். அடியில் படிகிற வண்டலைக் குழாய் வைத்து உறிஞ்ச வேண்டும். அவசரப்பட்டுக் குழாயை இழுத்தால் வண்டல் கிளம்பி எல்லாம் பாழ். வடிகட்டிக்குள் இருக்கும் மணலைத் தண்ணீரைத் திருப்பிவிட்டுக் கழுவ வேண்டும். கொண்டை ஊசியை உள்ளே போட்டு, மேலே நின்றபடி அது அடியில் தெரிகிறதா என்று பார்ப்பாள். தெரிந்தால்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். அக்கம்பக்கத்தில் அதே மாதிரி குளம் வாங்கிய வீடுகளும் அவளைக் கூப்பிட ஆரம்பித்தன.

மருந்து இரண்டு வகை. இரண்டும் வெள்ளைத் தூள்தான், இரண்டுக்கும் குளோரின் வாசனைதான். ஒன்று உடனே கரையும், பாசியைக் கொல்ல. இன்னொன்று மெதுவாகக் கரையும், தண்ணீரைக் காக்க. சிவப்பு மூடி ஒன்று, நீல மூடி ஒன்று. அள்ளுகிற குவளையும் தனித்தனி. ஒன்றின் பொடி இன்னொன்றில் படக்கூடாது, பட்டுத் துளி ஈரமும் சேர்ந்தால் நெருப்புப் பிடிக்கும் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார். அதை அவள் வேதம் மாதிரி வைத்திருந்தாள். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? மருந்து டீச்சர் வீட்டுக் கொட்டகையில் இருந்தது.

அக்கா இவர்களோடு வந்து சேர்ந்த கதை வேறு. முதலில் மூத்த மகன் வீட்டில்தான் இருந்தாள். அடுப்பை அணைக்க மறந்து திரைச்சீலை பற்றிக்கொண்டதில் மூத்த மருமகள் பெட்டியைக் கட்டி அனுப்பிவிட்டாள். இங்கே வந்தும் ஒருநாள் குழாயைத் திறந்துவிட்டு மறந்தாள், கீழ்வீட்டுக் கூரை ஒழுகியது. சின்னவன் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான்: "அம்மா, இதுதான் கடைசி. இன்னொரு தடவை உன்னால ஏதாவது ஆச்சு, முதியோர் இல்லம்தான். அட்ரஸ் விசாரிச்சு வெச்சிருக்கேன்."

"விசாரிச்ச வரைக்கும் போதும். நான் போய்ப் பாத்துட்டுக் குறை சொல்ல வேண்டாமா?" என்று அக்கா சிரித்தாள். சிரித்துவிட்டுச் சமையலறைக்குள் போனவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை ஒட்டடை பார்த்தாள்.

அந்த வருஷ மழையில் டீச்சர் வீட்டுக் கொட்டகை ஒழுகியது. மருந்து நனைந்தால் ஆபத்து என்று இரண்டு டப்பாவையும் அவள் தன் வீட்டுக்குத் தூக்கிவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தாள். ஒன்றரை அறை வீடு. இரண்டிலும் பாதி பாதிதான் இருந்தது.

மழை விட்ட காலையில் குளத்தில் பச்சை படர ஆரம்பித்திருந்தது. குழந்தைகள் வருவதற்குள் மருந்து போட வேண்டும் என்று சிவப்பு மூடி டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடினாள். கனமாகத்தான் இருந்தது. மழை இரைச்சலில் ராத்திரி தூங்காத உடம்பு, அதனால் கனக்கிறது என்று நினைத்தாள். ஏணிக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தாள். குவளை தூறலில் நனைந்திருந்ததைப் புடவையில் துடைத்துத்தான் உள்ளே விட்டாள்.

சீறியது. டப்பா வாயிலிருந்து மஞ்சள் புகையும் தணலும் ஒன்றாய் எழும்பி முகத்தில் அறைந்தன. மூச்சு உள்ளே போகவில்லை. கண்ணைத் திறக்க முடியாமல் ஏணியைத் தடவி ஏறி, விளிம்பில் தொங்கி, தலையைத் தண்ணீருக்குள் முக்கினாள். டீச்சர் ஓடி வந்து இழுக்கும் வரைக்கும் முக்கிக்கொண்டே இருந்தாள். அப்படிச் செய்ததால்தான் இடது கண்ணில் கொஞ்சமாவது மிஞ்சியது என்று டாக்டர் சொன்னார். வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் தெரிவதெல்லாம் கலங்கின தண்ணீருக்குள்ளிருந்து பார்ப்பது மாதிரி. நெஞ்சில் அன்று ஏறின இழுப்பு இறங்கவே இல்லை.

எப்படி நடந்தது என்று ஆஸ்பத்திரியில் கட்டு போட்ட கண்ணோடு படுத்து யோசித்து யோசித்துப் பார்த்தாள். புரியவில்லை.

அன்று மதியமே மாமியார் மாற்றுப் புடவை கொண்டுவந்தாள். தலையைத் தடவிக்கொடுத்தாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள், பிறகு வழக்கம்போல வீட்டு விசேஷம் சொல்ல ஆரம்பித்தாள். "நீ ஒண்ணும் கவலைப்படாதே. வீட்டை நான் பாத்துக்கறேன். கட்டிலுக்கு அடியில எலி பூந்தாக்கூடத் தெரியாது, அப்படி அடைசலா கிடந்துச்சு. நேத்தே அந்த ரெண்டு டப்பாவையும் ஒண்ணாக்கிட்டேன். ரெண்டும் பாதி பாதி, எதுக்கு ரெண்டு இடத்தை அடைக்கணும்? நீல மூடி டப்பாவை நல்லா கழுவி வெச்சிருக்கேன், துணி ஊறப்போட ஆகும்."

ஒட்டடைக்கு விளங்கிவிட்டது. வேறு யார் சொல்லியிருந்தாலும் கத்தியிருப்பாள்.

"அத்தை," என்றாள், "இதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"எதை? டப்பா கழுவினதையா? அவன்கிட்ட இதெல்லாம் சொன்னா தலைவலிம்பான்."

"சொல்லாதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. டப்பா டீச்சரோடது, கோவிச்சுக்குவாங்க."

"அவ்வளவுதானே," என்றாள் மாமியார்.

மாலையில் டீச்சரும் புருஷனும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். டீச்சர் கெட்டவள் இல்லை. ஆனால் பயந்துபோயிருந்தாள். "நெசத்தைச் சொல்லும்மா. கலக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? யார் கலந்தது?"

அறை மூலையில் மாமியார் புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கிற சத்தம் ஒட்டடைக்குக் கேட்டது.

"நான்தான்," என்றாள். "இடம் அடைக்குதேன்னு நான்தான் கலந்தேன்."

அந்த ஒரு வார்த்தையோடு அவள் கைத்தொழில் போயிற்று. அவள் பெயரும் போயிற்று. தெரிந்தே இரண்டு மருந்தையும் கலந்தவள் என்று மற்ற வீடுகளும் கதவைச் சாத்திக்கொண்டன. கண் தெரியாதவளை எப்படியும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். இருந்தாலும் பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள், அதுவும் கிடைக்கவில்லை. புருஷன் தட்டை முன்னால் வைக்கும்போதெல்லாம், "புத்தி எங்க போச்சு உனக்கு?" என்று கேட்டுத்தான் வைத்தான். டப்பாவை ஒன்றாக்கியதையே மறந்துபோன மாமியார் பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் தானே சொன்னாள்: "நல்ல பொண்ணுதான். கவனம்தான் பத்தாது. என்னைச் சொல்றான் எம் பையன், நான் அடுப்பைத்தானே மறந்தேன்!"

வந்தவர்கள் சிரித்தார்கள். ஒட்டடையும் சிரித்தாள்.

ஆனால் ஒரு வீட்டில் ஓர் ஆள் சம்பாத்தியம், கண் தெரியாத பெண்டாட்டி, மறதிக்கார அம்மா. மறு மழைக்காலம் வருவதற்குள் அவன் முடிவு சொல்லிவிட்டான். "ரெண்டு பேரையும் நான் ஒருத்தனா பாக்க முடியாது. அம்மா இல்லத்துக்குப் போகட்டும்."

"என்னங்க, வேண்டாங்க. அத்தையை நான் பாத்துக்கறேன்."

"உன்னை யார் பாக்கறது?"

உண்மையைச் சொல்லலாம் என்றால், சொன்னாலும் அத்தை போகப்போவது அதே இடத்துக்குத்தான். கூடுதலாக ஒரு பழியையும் சுமந்துகொண்டு போவாள்.

வண்டி வந்து நின்றது. மாமியார் பெட்டியோடு படியிறங்கப் போனவள், திரும்பி வந்து மருமகள் கன்னத்தைத் தொட்டாள்.

"அடியே ஒட்டடை, நீ கொஞ்சம் கவனமா இருந்திருந்தா எனக்கு இந்த வழி வந்திருக்குமா?"

"வந்திருக்காது அத்தை," என்றாள் அவள்.

அக்கா அந்த இல்லத்தில் ஒரு வருஷம்கூட இருக்கவில்லை, இறந்துபோனாள். ஒட்டடை இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சலவைக்கடையில், உள் அறையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைக் கையால் தடவித் தடவி மடித்துக்கொண்டிருக்கிறாள்.