புழு தின்ற கல் இலை

ஒரு கோயிலுக்கு அடியில் இன்னொரு கோயில் இருக்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. அப்பாவும் நானும் ஆரணியிலிருந்து இரண்டு பஸ் மாறி அந்தப் பேராலயத்துக்குப் போயிருந்தோம். பலிபீடத்துக்கு நேர் கீழே நிலவறை. படி இறங்க இறங்கக் குளிர். பழைய ஆயர்களின் கல்லறைகள். தாழ்ந்த கூரையைத் தாங்கிய தூண்களில் திராட்சைக் கொடி. கல்தான், ஆனால் காற்று வந்தால் அசைந்துவிடும் போலிருந்தது. வெளிச்சமே எட்டாத பின்பக்கத்திலும் இலைக்கு நரம்பு ஓடியது. செதுக்கியவன் யாருக்காகச் செதுக்கினானோ, அவன் கைக்கு இன்றும் என் வந்தனம்.

அந்தக் கொடியைப் பீடத்துக்கான பட்டுத்துணியில் கரையாகக் கேட்டிருந்தார் பாதிரியார். டிசைன் போடும் அப்பா முதலாளியை விட்டுப் பிரிந்து சொந்தமாக எடுத்த முதல் வேலை அது. பிசகினால் பழைய வாசலில் போய் நிற்க வேண்டும். தூணோடு ஒட்டிக்கொண்டு, தாளில் கட்டங்கட்டமாகப் பென்சிலால் நிரப்பினார். நிரப்பிய கட்டத்துக்கெல்லாம் பிறகு அட்டையில் ஓட்டை குத்துவார். அதன்படி தறியில் ஜரிகை எழும்பும்.

அவர் தண்ணீர் குடிக்க மேலே போனபோது பார்த்தேன். ஒரு கல் இலையில் ஓட்டை. தாளிலும் அந்த இலைக்கு நடுவே நாலு கட்டம் வெள்ளையாக இருந்தது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு ஓட்டை என்றால் ஒரே அர்த்தம்தான்: இழை அறுந்திருக்கிறது, உடனே முடிச்சுப் போடு. நாலையும் பென்சிலால் அழுத்தி அழுத்தி நிரப்பினேன். செய்த உபகாரத்தை வெளியில் சொல்லாத அடக்கமும் எனக்கு இருந்தது.

அம்மா நெய்த துணியைப் பாதிரியார் நிலவறைக்கே கொண்டுபோய்த் தூணருகே விரித்தார். கரையோடு நகர்ந்த விரல் அந்த இலையில் நின்றது.

"இங்க புழு தின்ன ஓட்டை ஒண்ணு இருக்கணுமே. நான் தினம் எறங்கி வந்து பாக்குறதே அதைத்தான்."

அப்பா குனிந்து பார்த்தார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

"என் கை தப்புங்க சாமி. வேற நெய்ஞ்சி எடுத்தாரேங்க."

வீட்டுக்கு வந்ததும் தாளை ஜன்னலோரம் கொண்டுபோய் அந்த நாலு கட்டத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு ரப்பரால் தேய்த்தார். யார் செய்த தப்பு என்று அம்மா கேட்டதற்கு, "என்னுதுதான்" என்றார்.

"கல்லுல இருக்கிற புழுவுக்கோசரம் நான் இன்னும் பத்து நாள் குந்திகினு கெடக்கணுமா? தின்னதுதான் தின்னுச்சு, முழு இலையா தின்னுட்டுப் போனா இன்னா?" என்றாள் அம்மா. மறுநாள் விடியுமுன் தறியில் உட்கார்ந்தும்விட்டாள்.

இரண்டாவது துணி பீடம் ஏறியது. அப்பா பழைய வாசலுக்குத் திரும்பவேயில்லை.

எனக்கோ அவர்மேல் பரிதாபம். பாவம், என் தப்பைத் தன்னுடையது என்றே நம்பிவிட்டாரே, இவ்வளவு வெகுளியா என்று நினைத்தேன். அப்பாவின் பென்சில் தாளை வருடிக்கொண்டுதான் போகும். அந்த நாலு கட்டத்தை மட்டும் தாள் கிழியுமளவு ஏன் தேய்க்க வேண்டியிருந்தது என்று எனக்கு அன்று தோன்றவேயில்லை.