ஐந்து நிமிடம் தொடாமல் இருந்தால்

தொண்ணூறுகளின் கடைசியில் புனேயில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் இருந்தேன். கசார்வாடியில் இரும்பு உதிரிபாகங்களைச் சூடேற்றிப் பதப்படுத்தும் பட்டறை ஒன்றுக்கு, உலையின் வெப்பத்தைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். அங்கே சூப்பர்வைசர் கோயம்புத்தூர்க்காரர். போகும்போதெல்லாம் வாய் நிறையத் தமிழ் பேசுவோம்.

கம்ப்யூட்டரை ஐந்து நிமிடம் தொடாவிட்டால் வரும் ஸ்கிரீன் சேவரில் அவர் ஒரு சொல் எழுதி வைத்திருந்தார். கறுப்புத் திரையில் பச்சை ஆங்கில எழுத்துகளில் 'ஆலோச்' என்று ஓடிக்கொண்டிருக்கும். 'இதோ வந்துட்டேன்' என்பதற்கு மராத்தி. அவர் எழுந்து போயிருக்கும்போது யாராவது தேடி வந்தால் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

ஒரு மழைக்காலக் காலையில், வேலைக்கு வரும் வழியில் நெஞ்சுவலி வந்து அவர் இறந்துபோனார். பத்து நாள் கழித்து அங்கே ஆபரேட்டராக இருந்த பெண் போன் செய்தாள். கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"சார், அந்த எழுத்து வராம பண்ணுங்க. உலைக்கிட்ட போயிட்டுத் திரும்பினா ஓடிட்டிருக்கு. யாரும் அந்த ரூமுக்கே வரமாட்டேங்கறாங்க."

"அழிச்சிடலாமே. ரெண்டு நிமிஷ வேலை."

"நக்கோ சார். அவர் எழுதினதை அழிக்க வேணாம். வராம மட்டும் பண்ணுங்க."

ஸ்கிரீன் சேவர் வரும் முன், வரலாமா என்று விண்டோஸ் புரோகிராமிடம் கேட்கும். என் புரோகிராம் 'வேண்டாம்' என்று சொல்லும்படி சில வரிகள் சேர்த்தேன். மூன்று வாரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு மதியம் போன்.

"சார், ஃபிர்சே, மறுபடியும் வந்துட்டார்."

'வந்துடுச்சு' என்று அவள் சொல்லவில்லை.

காரணம் எனக்குத் தெரியும். முன்னால் எந்தப் புரோகிராம் திறந்திருக்கிறதோ அதை மட்டும்தான் விண்டோஸ் கேட்கும். அவள் ஒரு கடிதம் டைப் செய்துவிட்டு, அதை மூடாமல் அப்படியே எழுந்து போயிருந்தாள். தெரிந்தும், ஸ்கூட்டரில் போன வழியெல்லாம் கை மயிர் சிலிர்த்தே இருந்தது.

இந்த முறை, புரோகிராம் திறந்ததும் ஸ்கிரீன் சேவரையே நிறுத்திவிட்டு, மூடும்போது பழையபடி வைக்குமாறு மாற்றினேன். பழையபடி ஆகிறதா என்று பார்க்க, புரோகிராமை மூடிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். சாப்பாட்டு நேரம். எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். உலையின் இரைச்சல் மட்டும். நல்ல வெயில் ஜன்னலில் அடித்தது. திரை கறுத்தது. பச்சை எழுத்து மெல்ல நகர்ந்து வந்தது.

"சரிங்கண்ணா, மெதுவா வாங்க," என்றேன்.

நினைத்துச் சொல்லவில்லை. அவரிடம் எப்போதும் அப்படித்தான் பேசுவேன்.

வாசலில் அவள் நின்றிருந்தாள். "யார்கிட்ட சார்?"

அவளே வந்து மௌஸை அசைத்து, புரோகிராமைத் திறந்தாள். உலையின் கோடு மறுபடி நகரத் தொடங்கியது.

"இனி இதை மூடவே மாட்டேன்," என்றாள்.

கரண்ட் போய் வந்தாலும் புரோகிராம் தானாகத் திறக்கும்படி செய்து கொடுத்தேன். கிளம்பும்போது, அந்த அறையில் கடைசி ஆளாக நிற்கத் துணிவில்லாமல், அவளை அங்கேயே விட்டுவிட்டு நான்தான் முதலில் வெளியே வந்தேன்.