கூழில் கரைத்த மாத்திரை

ஓசூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என் தம்பியிடம், "ஏதாவது மருந்து ஒத்துக்காதா, தாத்தா?" என்று கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றான். பக்கத்துக் கட்டிலில் யாருக்கோ மாத்திரையைக் கரண்டியால் நசுக்கும் சத்தம் கேட்டது.

எங்கள் ஊர் கெலமங்கலத்தில், சின்ன வயதில் நடந்தது அது. அப்போது எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு நான்கு. அவன் காலில் சீழ்க்கட்டி வந்து, சீழ் வற்றக் கம்பவுண்டர் சல்பா மாத்திரை கொடுத்திருந்தார். ஐந்தாம் நாள் உடம்பெல்லாம் செக்கச்செவேலென்று தடித்து, உதடு வெந்துபோயிற்று. "மாரியம்மா வந்துட்டா. இனி மருந்துன்னு வாயெடுக்காத, ஆத்தா கோவிச்சுக்குவா" என்று அம்மா வாசலில் வேப்பிலை செருகினாள்.

மருந்தை நிறுத்தினால் தம்பி செத்துவிடுவான் என்று எனக்குப் பயம். மிச்சமிருந்த மாத்திரைகளை நசுக்கி, அம்மாவுக்குத் தெரியாமல் கேழ்வரகுக் கூழில் கரைத்து ஊட்டினேன். இரண்டே நாளில் அவன் தோல் வெங்காயச் சருகாக உரிந்தது. மாத்திரை தீர்ந்ததும் இன்னும் கேட்டு வாங்கக் கம்பவுண்டரிடம் ஓடினேன்.

"தடிப்பு வந்தப்புறமுமா குடுத்த? அய்யோ பாப்பா, அம்மையில்ல அது. மாத்திரை ஒத்துக்கல. இன்னொண்ணு உள்ள போனா பையன் பொழைக்கமாட்டான்!"

வீட்டில் நான் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. பள்ளிக்கூடம் போகாமல் அவன் மூக்கருகே கைவைத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். பதினைந்தாம் நாள், ஆத்தா இறங்கிவிட்டாள் என்று அம்மா அவனுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

நர்ஸ் சீட்டை மடித்தாள். "இவனுக்கு சல்பா ஆகாதும்மா, எழுதிக்க" என்றேன்.

தம்பி திரும்பிப் பார்த்தான். "அது ஒனக்கெப்படிக்கா தெரியும்?"