பூதத்துக்கும் முறை உண்டு

அறிவுமதியைப் பற்றிப் பேச்செடுத்தாலே எனக்கு வயிறு எரியும். ரொம்ப நல்லவன். வினையே அதுதான்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாய்க்கால் மதகைத் திறந்து மூடி, யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறை வைப்பது மதியின் வேலை. வாய்க்கால் தலைப்பில் நிலம் உள்ளவர்கள் இன்னும் கொஞ்சம் விடச் சொல்லிக் கெஞ்சுவார்கள், மிரட்டுவார்கள், கட்சிக்காரரை விட்டுப் போன் பண்ணச் சொல்வார்கள். மதி எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தான்: "உங்க முறை முடிஞ்சிருச்சுங்க." சொந்த மாமனாரின் வயல் அரைகுறையாக நனைந்து கிடக்கும்போதே மடையை அடைத்துவிட்டு வந்தவன் அவன். அந்தத் தீபாவளிக்கு மாமனார் வீட்டில் சோறு போட்டார்கள், பேச்சுக் கொடுக்கவில்லை.

அவன் அப்பா ஐயாவு அதே வாய்க்காலில் கூலிக்குத் தூர் வாரியவர். மதகுச் சாவி அந்த வீட்டுக்கு வந்தது மதியால்தான். தூங்கும்போதுகூட அதை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டுதான் தூங்குவான்.

தண்ணீர் பாய்கிற நேரத்தில் கரையில் சும்மாதானே உட்கார்ந்திருக்க வேண்டும்? அப்படித்தான் போனில் விளையாட ஆரம்பித்தான். அணிக்கு ஐந்து பேர். எதிரியின் கோட்டையை இடித்தால் வெற்றி. நடுவில் ஒரு குளம் உண்டு. அவ்வப்போது அதிலிருந்து ஒரு பூதம் எழும். அதை அடித்துச் சாய்க்கிற அணிக்கு இரட்டைப் பலம் வரும். அந்தப் பூதத்துக்காகத்தான் அத்தனை அடிதடியும்.

எங்கள் அணித் தலைவர் ராஜராஜன். சிங்கப்பூரில் சம்பாதித்துவிட்டு வந்தவர், வாய்க்காலின் முதல் மடை அவருடையது. செல்போன் கடை வைத்திருக்கும் நான் ஒருவன், மதி ஒருவன். மற்ற இரண்டு பேரும் அவர் மைத்துனர்கள், ஆள் கணக்குக்கு வந்தவர்கள்.

கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி வைத்தார்கள். எப்படியோ இறுதிச் சுற்று வரை போய்விட்டோம். எதிரணி அதிராம்பட்டினம். தலைவி மெஹராஜ் பேகம், கணக்கு டீச்சர். ஆட்டத்துக்கு முன்னால் அவரே வந்து எங்கள் எல்லோருக்கும் சம்சா கொடுத்தார். "சாப்டுட்டுத் தெம்பா விளையாடுங்க" என்றார். ராஜராஜன் அண்ணன் இரண்டாவது ரவுண்டும் வாங்கிக்கொண்டார்.

இதுவரை முகம் தெரியாதவர்களோடுதான் மதி விளையாடியிருக்கிறான். அன்று எதிரிகள் நேர் எதிரே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததுதான் வம்பாகப் போயிற்று.

முதல் பூதத்தை நாங்கள் சாய்த்தோம். மண்டபமே விசிலடித்தது. இரண்டாவது பூதம் எழுந்தபோது குளக்கரையில் மதி மட்டும்தான் இருந்தான். பூதத்துக்கு உயிர் ஒரு நூல்தான் பாக்கி. ஒரு தட்டுத் தட்டினால் போதும். அந்த நேரம் பார்த்துத் திரையில் மெஹராஜ் பேகம் ஓடி வந்தார். மதி நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு கையை எடுத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

"அடிடா! அடிடா!" என்று ராஜராஜன் அண்ணன் கத்தினார்.

"போன தடவ நாம எடுத்தோம்ணே. இது அவங்க முறை."

மூன்றாவது பூதம் எழுவதற்குள் எங்கள் கோட்டை தரைமட்டமாகிவிட்டது.

ராஜராஜன் அண்ணன் நேராக நடுவரிடம் போய்ப் புகார் கொடுத்தார். வேண்டுமென்றே தோற்றவன் என்று ஒருவனை நிரூபித்துவிட்டால் ஆட்டத்தை மறுபடியும் நடத்துவார்கள் என்று அவருக்கு ஒரு நப்பாசை. நடுவர் பாவம், சின்ன வயசு. விதிகளைப் படித்தார். ஆடாமல் சும்மா நிற்பது குற்றம், எதிரியிடம் வலியப் போய்ச் சாவது குற்றம், எதிரிக்கு உதவுவது குற்றம்.

"நீங்க ஜெயிக்கணும்னு நெனச்சீங்களா?" என்று மதியைக் கேட்டார்.

"ரொம்ப ஆசப்பட்டேங்க."

"அப்ப ஏன் விட்டீங்க?"

"முறைங்க."

மெஹராஜ் பேகம் அவனுக்காகப் பேச வந்தார். "பூதத்த விட்டாரு, சரி. அடுத்த நிமிஷமே என் ஆளுங்கள வரிசையா அடிச்சு வீழ்த்துனாரே! தோக்கணும்னு நெனக்கிறவர் அப்படியா அடிப்பாரு?"

நடுவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கடைசியில், தெரிந்தே விட்டதால் அது வேண்டுமென்றே தோற்றதுதான் என்று மைக்கில் அறிவித்தார். மதிக்கு ஒரு வருஷம் தடை. மறு ஆட்டம் கிடையாது.

நாங்கள் பஸ்ஸில் ஊர் வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. அதுவும் எப்படி? 'அறிவுமதி ஒரு சம்சாவுக்கு ஆட்டத்தை விற்றுவிட்டான்.' டீக்கடையில் அவனைப் பார்த்ததும் ஒருத்தன், "மாஸ்டர், மதிக்கு ஒரு சம்சா" என்றான். மதி டீயைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனான். எனக்கே மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. தடையைப் பற்றி அவனுக்குக் கவலையே இல்லை. "விலைக்குப் போனவன்கிட்ட மதகுச் சாவிய விட்டு வைப்பாங்களாடா?" என்றுதான் என்னிடம் கேட்டான். கை தானாக இடுப்புக்குப் போயிற்று.

அவன் பயந்தபடியே உரக்கடை வாசலில் விவசாயிகள் கூட்டம் கூடியது. ராஜராஜன் அண்ணன்தான் முதலில் எழுந்தார். "சொந்த டீமுக்கே துரோகம் பண்ணவன். நாளைக்கு நம்ம தண்ணிய அடுத்த ஊருக்குத் தள்ளி விட்டான்னா?"

மதி தலை குனிந்து நின்றான். சாவியை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தான்.

அப்போது அம்சம் அக்கா எழுந்தார். வாய்க்காலின் கடைசி மடை அவருடையது. தண்ணீர் அவர் வயலை எட்டிப் பார்க்கவே மற்ற எல்லோரும் மனசு வைக்க வேண்டும்.

"அந்தப் பூதத்த மொதல்ல யாரு எடுத்தா?"

"நாங்கதான்."

"அடுத்தது அவங்க எடுத்தாங்களா?"

"அதத்தானே சொல்றேன்! இவன் விட்டுக் கொடுத்துட்டான்!"

"சரி. இவன் கைக்குச் சாவி வர்றதுக்கு முன்னாடி, வாய்க்கால்ல நீங்க எத்தன தடவ தண்ணி எடுப்பீங்க?"

உரக்கடைக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு கூட்டமே சிரித்தது. ராஜராஜன் அண்ணன் செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

"சிரிக்காதீங்க" என்றார் அம்சம் அக்கா. "இவன் வந்தப்பறம்தான் எங்க வயல்ல ஒழுங்கா நடவு நடக்குது. தோத்துப் போவோம்னு தெரிஞ்சும் முறைய மாத்தல பாருங்க. சாவி அவங்கிட்டயே இருக்கட்டும்."

அதோடு கூட்டம் கலைந்தது. மதி சாவியைத் திரும்ப அரைஞாணில் கட்டப் பார்த்தான். அவசரத்தில் முடிச்சே விழவில்லை. நான்தான் கட்டிவிட்டேன்.

என்னுடைய மூன்று மா நிலமும் அம்சம் அக்கா வயலை ஒட்டித்தான் இருக்கிறது. அந்த வாரம், சொன்ன நாளில், சொன்ன வேளையில் தண்ணீர் வந்தது. வரப்பில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டேன். நாற்றங்கால் முழுக்கத் தண்ணீர் பரவுவதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சே குளிர்ந்துபோயிற்று. கரையில் மதி நின்றுகொண்டிருந்தான்.

"போதுமாடா?" என்று கேட்டான்.

"இன்னும் கொஞ்சம் விடேன்."

"உன் முறை முடிஞ்சிருச்சு" என்று மடையை அடைத்துவிட்டான், படுபாவி.