ஒரே சொடுக்கில் பன்னிரண்டு பெட்டிகள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்து நூற்பாலை ஒன்றுக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய் வருகிறேன். ஆலையின் காற்றாடி, கம்ப்ரஸர், ஈரப்பதம் எல்லாவற்றையும் முன்பு ஒரே கம்ப்யூட்டர்தான் கண்காணித்தது. அது படுத்தால் ஆலையே படுத்துவிடும். அதனால் அந்த மென்பொருளைப் பிரித்து, பிரிவுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கன்ட்ரோலர் பெட்டிகளில் போட்டேன். பெட்டிகள் நெட்வொர்க்கில் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். திருத்தம் ஏதாவது என்றால் இருந்த இடத்திலிருந்தே ஒரு சொடுக்கு, பன்னிரண்டுக்கும் போய்விடும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஒரு சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன், புதுத் திருத்தம் ஒன்றை அனுப்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. அந்த நேரம் ஸ்பின்னிங் பிரிவின் பெரிய காற்றாடிக்கு ஃபிட்டர் அண்ணன் பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தார். சேத்தூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பெட்டியில் ‘ஸ்டாப்’ கொடுத்திருந்தார். மெயின் சுவிட்சையும் அணைக்க வேண்டும் என்பது விதி. ஆனால் பழைய மென்பொருள் ஸ்டாப்பை மறக்காது என்பதால் யாரும் அணைப்பதில்லை. நான் அனுப்பியதோ, பெட்டி நின்று திரும்ப எழுந்ததும், ஸ்டாப்பை மறந்து காற்றாடியை ஓடவிட்டது. அண்ணனின் வலது கையில் இரண்டு விரல்கள் போயின.

விசாரணையில் மேனேஜர், “மெயினை ஏன் ஆஃப் பண்ணல?” என்று கேட்டார்.

“பண்ணாம விட்டது என் தப்புதான் சார்” என்றார் அண்ணன். கட்டுப்போட்ட கை மடியில் கிடந்தது.

நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். காற்றாடி ஏன் ஓடியது என்பதை முந்தின நாளே கண்டுபிடித்திருந்தேன். வாய் திறக்கவில்லை. அன்று சாயங்காலம் மென்பொருளில் இரண்டு வரிகளைத் திருத்தி, இந்தத் தடவை எல்லாப் பிரிவுக்கும் சொல்லிவிட்டு அனுப்பினேன். என்ன திருத்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அறிக்கையில் ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்று எழுதினார்கள்.

அண்ணனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். ஒரு வருஷம் போனது. ஒருநாள் கேன்டீனில், இடது கையால் டம்ளரைப் பிடித்தபடி, “கவனமில்லாத மனுசன்னு வீட்டுல இன்னமும் ஏச்சுதான் சார்” என்று சிரித்தார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “இதை எங்க வீட்டுல வந்து சொல்லுதியளா?” என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சேத்தூருக்குப் போனேன். நான் சொன்னதையெல்லாம் அவர் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றே கேட்டார்.

“அவிய மேல தப்பில்லன்னு ஒரு வருஷம் கழிச்சு வந்து சொல்லுதிய. அம்புட்டு நாளும் நான் பேசுன பேச்சை எப்பிடி சார் திரும்ப எடுக்க?”

திங்கட்கிழமை மேனேஜருக்கு எழுதிக் கொடுத்தேன். அறிக்கையைத் திருத்தினார்கள், எனக்கு ஒரு மெமோ வந்தது. அண்ணன் என்னோடு சண்டை போடவில்லை. ஸ்டோரில் ஏதாவது கேட்டால் எடுத்துத் தருகிறார், கையெழுத்து வாங்கிக்கொள்கிறார். வேறு பேச்சில்லை.