பேச்சியக்கா வைத்த சந்தனப் பொட்டு

பேச்சியக்கா போய்விட்டாள். மலைமேலே குரங்கணியிலிருந்து அவள் மகன் காலையில் போன் செய்தான். தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டதாம்.

"வர முடியுமா சித்தி?" என்றான். நான் வலிக்கிற முட்டியைத் தடவிக்கொண்டேன். அவனே, "வேணாம் சித்தி, மேல மழையா இருக்கு" என்று போனை வைத்துவிட்டான்.

உங்களில் யாருக்கும் அவளைத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான்... தெரிந்த தமிழில் எழுதுகிறேன். டைப் பண்ணிக் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். நானேதான்.

ஐம்பதுகளின் கடைசி. குரங்கணிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் இருவருக்கும் வேலை. வெள்ளைக்காரத் துரை அதைக் கீழே போடியிலிருந்த முதலாளி ஒருவருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறியபோது, பங்களாவையும் அதன் முன்னாலிருந்த பெரிய புல்தரையையும், அதை வெட்ட ஒரு வண்டியையும் விட்டுப் போனார். ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற பெட்ரோல் வண்டி.

ஓட்டுவது ஜீப் டிரைவர் சுப்பையா அண்ணன். வெட்டிய புல்லை வாருவதும் வண்டியைத் துடைப்பதும் அக்காவும் நானும்.

அக்காவின் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். கையில் பால்குடி மறக்காத பிள்ளை... இன்று போன் செய்தானே, அவன்தான்.

ஏலக்காட்டுக்குள் அட்டை, வழுக்கல், ஓயாத சாரல். பிள்ளையை எங்கே போடுவது? பங்களா என்றால் மரத்தில் தூளி கட்டலாம். அந்தப் புல்தரை வேலை இல்லையென்றால் அவளுக்குப் பிழைப்பே இல்லை.

ஒரு ஆயுத பூசை. ஜீப்பையும் புல்வண்டியையும் கழுவி நிறுத்தியாயிற்று. சுப்பையா அண்ணன் சந்தனக் கிண்ணத்தை அக்காவிடம் நீட்டினார். "நீயே வையி தாயி. தெனம் தொடைக்கிறவ நீதானே."

"நானாண்ணே?"

சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வைத்தாள்... கட்டி கட்டியாக. சக்கரம், சீட்டு, ஸ்டீயரிங், பெட்ரோல் டேங்க் மூடி. ஓர் இடம் பாக்கியில்லை.

"ஏக்கா, வண்டிக்கென்ன கல்யாணமா?" என்றேன்.

"போடி இவளே. நான் வைக்கக் கூடாதத அதாவது வச்சுக்கிடட்டும்."

பூசையன்று வண்டியை எடுக்கக் கூடாது. மறுநாள் காலையில் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுக் கிளம்பியது. ஒரு சுற்று முடியவில்லை... திக்கியது, இருமியது, நின்றது. கயிற்றைச் சுற்றிச் சுற்றி இழுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை.

சாயங்காலம் முதலாளியின் விருந்தாளிகள் வருகிறார்கள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

"யாரு பொட்டு வச்சது?"

கேட்டாரே தவிர, அவருக்கே தெரியும்.

"தாலியறுத்தவ கைபட்டா எப்பிடிய்யா ஓடும்? நாளையிலருந்து அவளக் காட்டு வேலைக்கு அனுப்புங்க."

அக்கா தூளிக் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

சுப்பையா அண்ணன் பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தார். பொறி நன்றாகவே வந்தது. வயரைப் பார்த்தார். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்து குச்சியை விட்டுப் பார்த்தார். இருந்தது. மூடிவிட்டு இழுத்தார்... பிடித்துக்கொண்டது!

கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றது. மறுபடி மூடியைத் திறந்தார், மறுபடி ஓடியது, மறுபடி நின்றது.

"தொறந்தா ஓடுற, மூடினா படுத்துக்கிடுற... உனக்கு என்னதான்டா நோவு?" என்று வண்டியோடு சண்டை போட்டார்.

பிறகு மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அதன் நடுவில் ஊசி நுழைகிற அளவு ஓர் ஓட்டை. அதன் வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். அதற்குள் சந்தனம் காய்ந்து இறுகிக் கிடந்தது.

அண்ணன் அக்காவைப் பார்த்தார். கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். மூடியை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, "பிளக்குல கரி போலருக்கு..." என்று இழுத்தார்.

"அதக் கொண்டாங்கண்ணே." அக்கா வாங்கிப் பார்த்தாள். நேராகக் கணக்கப்பிள்ளையிடமே சொன்னாள். "என் பொட்டுதான் அடைச்சிருக்கு. எடம் பாக்காம வச்சுட்டேன்."

"பாத்தீங்களா! நான் சொன்னேன்ல?" அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அக்கா ரவிக்கையிலிருந்த ஊக்கைக் கழற்றி ஓட்டையைக் குத்தி எடுத்தாள். டேங்கை மூடினாள். கிண்ணத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தில் தண்ணீர் தொட்டுக் குழைத்தாள். அதே மூடியில், ஓட்டையை விட்டுத் தள்ளி, எல்லோர் முன்னாலும் இன்னொரு பொட்டு வைத்தாள்.

"இப்ப இழுங்கண்ணே."

புல்தரை முழுக்க வெட்டி முடிக்கிற வரை வண்டி நிற்கவில்லை.

கணக்கப்பிள்ளை "சரி சரி, வெரசா வாருங்க" என்று ஸ்டோர் பக்கம் போய்விட்டார். காட்டு வேலைப் பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

அடுத்த வருசம் பொட்டு வைக்கத் தன் மனைவியைக் கூட்டி வந்தார். அந்த அம்மா கிண்ணத்தோடு நேராக அக்காவிடம் வந்து, "ஏத்தா, அந்த ஓட்டை எங்கிட்டு இருக்கு?" என்று கேட்டார்.

பிறகு இருவரும் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலைக்கு வந்தோம். அப்போதும் ஆயுத பூசை வந்தால் தெருவில் நிற்கிற மோட்டார் சைக்கிள்களை விட மாட்டாள். "ஏப்பா, மூடியில அப்பாதீங்கப்பா..." பையன்கள் சிரிப்பார்கள். அவள் பாட்டுக்குத் துடைத்துவிட்டுப் போவாள்.

கண் பார்வை குறைந்ததும் மகனோடு மேலே குரங்கணிக்குப் போய்விட்டாள். ஜீப்பில் இந்த உடம்போடு ஏற முடியாது என்று நானும் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்... உடம்பு இருந்தால்தானே எல்லாம்.

மழை விட்டதும் எடுத்துவிடுவார்களாம்.

படுத்துக்கோ அக்கா. நாளைக்குச் சோலி ஒன்றும் இல்லை.