வீரன் வாங்க மறுத்த கருவாட்டுத் திரளை

2023ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 2ஆம் திகதி, சனிக்கிழமை. மண்டூரில் எங்கள் வீடு. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து நாட்காட்டியில் முந்தின நாள் தாளைக் கிழித்தேன். என் நாள் அதில்தான் தொடங்கும். அதன் பிறகு கிணற்றடி, திருநீறு, தேநீர், முற்றம் கூட்டுதல். இந்த ஒழுங்கு மாறினால் அன்று முழுவதும் எதையோ மறந்துவிட்ட மாதிரி இருக்கும். மனைவி இதைச் சொல்லிச் சிரிப்பாள். அன்று வீட்டில் ஒரேயொரு புதுமைதான். ஊர்க் கந்தன் கோயில் திருவிழா தீர்த்தத்தோடு முடிந்திருந்தது. திருவிழா தொடங்கிய நாளிலிருந்து மரக்கறி மட்டுமே கண்ட எங்கள் அடுப்பில் அன்றுதான் மீன் மச்சம் ஏறப்போகிறது.

வீரன் எங்களிடம் வந்ததும் அந்தத் திருவிழா தொடங்கிய கிழமைதான். மனைவியின் பெரியப்பா மகன் உன்னிச்சைப் பக்கம் வேளாண்மை செய்துகொண்டிருந்தார். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வவுனியாவில் மகளோடு இருக்கப் போகிறேன் என்றார். வயற்காவலுக்கு வளர்த்த நாயை எங்களால் வைத்திருக்க முடியுமா என்று கேட்டார். எங்கள் பிள்ளைகள் வெளியூரில்; வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். சரி என்றோம்.

“தங்கமான நாய், மச்சான். ஒரு கரைச்சலும் தராது” என்று சொல்லி, கயிற்றை என் கையில் தந்தவர் தேநீர்கூடக் குடிக்காமல் போனார். நாய் அவர் போன பக்கத்தைப் பார்த்து வெகு நேரம் வாலாட்டிக்கொண்டு நின்றது.

பெயர்தான் வீரன். கேற்றைத் திறக்கும் சத்தத்துக்கே ஓடிப்போய்க் கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிடும். கோயிலில் வெடி போட்டால் நடுங்கி, படுத்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடும். எந்த நாய்தான் வெடிக்குப் பயப்படாது என்று நாங்கள் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பருப்பும் சோறும் தண்ணியாகக் கரைத்துக் கோப்பையில் வைத்தால், தலையை ஒரு பக்கம் சரித்து மெதுவாக நக்கும். பாதியில் விட்டுவிடும். வாயோரத்தில் எச்சில் வடிந்துகொண்டே இருக்கும். விலா எலும்புகள் வெளியே தெரியத் தொடங்கின.

“என்னகா, உங்கட வீரனும் கந்தனுக்கு விரதமோ?” என்று பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்பார். “மீன் திண்டு வளந்த நாய்க்குப் பருப்பக் குடுத்தா அது என்ன செய்யும்? தீர்த்தம் முடியட்டும். கருவாட்டு மணம் பட்டாப் பாருங்க, எழும்பித் துள்ளும்.”

எங்களுக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஊர் முழுக்க மரக்கறி சாப்பிடும் காலத்தில் ஒரு வயல் நாய் மெலிந்து போவதற்கு வேறு என்ன காரணம் தேட வேண்டும்?

அன்று காலை மனைவி கருவாட்டைத் தணலில் சுட்டாள். முள்ளெடுத்து, உதிர்த்து, சுடுசோற்றோடு பிசைந்தாள். எங்கள் வீடுகளில் யாராவது சாப்பாட்டில் மனமில்லாமல் கிடந்தால் கோப்பையில் போட்டுக் கொடுப்பதில்லை. குழைத்த சோற்றைத் திரளையாக உருட்டிக் கையில் கொடுப்போம். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் அவள் அப்படித்தான் ஊட்டினாள். உருட்டிய திரளையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் குந்தினாள்.

“இந்தா மனே, வா. உனக்குத்தான்.”

வீரனின் மூக்கு முதலில் நிமிர்ந்தது. நான் சந்தோஷப்பட்டேன். மணத்தைப் பிடித்தபடி இரண்டடி முன்னால் வந்தது. பிறகு அவளுடைய கையில் இருந்த திரளையைக் கண்டது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை. குரைப்பும் இல்லை, ஊளையும் இல்லை. குழந்தையைச் சுடுதண்ணீரில் போட்டால் கேட்பது போன்ற ஒரு கத்தல். பின்பக்கமாகத் துள்ளி, சுவரில் மோதி, விழுந்து, மறுபடியும் எழுந்து ஓடப் பார்த்ததில் அதன் தாடை குசினிப் படியின் விளிம்பில் அடிபட்டது. தாடைக்குக் கீழே ஏதோ உடைந்தது. இரத்தமும் சீழும் சீமெந்து நிலத்தில் கொட்டின. வீடு முழுக்க அழுகல் நாற்றம். மனைவி திரளையைக் கையில் வைத்தபடியே உறைந்து போனாள்.

“இஞ்சாருங்க, இது விசர் நாயா? அண்ணனுக்கு இப்பவே போன் எடுங்க. வந்து கொண்டுபோகட்டும்!”

நானும் பயந்துதான் போனேன். தொலைபேசியைக் கையில் எடுத்தேன். ஆனால் வீரன் யார் மேலும் பாயவில்லை. இரத்தம் சொட்டச் சொட்டக் கட்டிலுக்கு அடியில் ஊர்ந்து போய், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தது. இந்த நிலையில் திருப்பி அனுப்பினால் அது வவுனியா போய்ச் சேராது.

“முதல்ல டொக்டர். மறுகா அண்ணன்” என்றேன்.

பழைய படுக்கை விரிப்பில் சுற்றித் தூக்கினேன். ஆட்டோவில் துறைக்குப் போய், அங்கிருந்து பாதையில் ஏறினேன். மனிதர்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியின் அக்கரைக்குப் போகும் மிதவைக்கு எங்கள் ஊரில் பாதை என்று பெயர். இயந்திரம் இயங்கத் தொடங்கியதும் வீரன் என் சட்டைக்குள் முகத்தைப் புதைத்தது. நாற்றத்தில் ஆட்கள் விலகி நின்றார்கள்.

“என்னண்ணன், செத்த நாயயா கொண்டு போறீங்க?” என்றான் ஒருவன்.

“இல்ல தம்பி. உசிர் இரிக்கு.”

சொன்ன பிறகு எனக்கே சந்தேகம் வந்தது. விரிப்புக்குள் கையை விட்டு அதன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். தாடையைத் தொட விடாமல் வீரன் திமிறியது. மயக்க ஊசி போட்டுத்தான் திறக்க வேண்டும் என்றார்.

“ஐயா, ஒளிக்காமச் சொல்றன். இந்த உடம்புக்கு மயக்க மருந்து குடுத்தா எழும்பாமலும் போகலாம். குடுக்காம விட்டா இந்தச் சீழே இதக் கொண்டுபோயிரும். நீங்கதான் சொல்லணும்.”

வந்து ஒரு மாதம்கூட ஆகாத நாய். என்னிடம் ஒரு தடவைகூட வாலாட்டியதில்லை. அப்படியிருந்தும் விரிப்பின் ஓரத்தை இழுத்து அதன் முதுகை மூடிவிட்டேன். “செய்யுங்க டொக்டர்” என்றேன்.

வெளியே மர வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தேன். சிறிது நேரத்தில் அவரே என்னை உள்ளே கூப்பிட்டார். வலது பக்கக் கடைவாய்ப் பற்கள் ஒன்றுகூட இல்லை. தாடை எலும்பு எப்போதோ நொறுங்கி, கோணலாகச் சேர்ந்திருந்தது. பஞ்சில் சில துணுக்குகளை எடுத்து வைத்திருந்தார். கருங்கல் துணுக்குகள். சதைக்குள் இருந்து எடுத்தவை.

“இது அடிபட்ட காயம் இல்ல ஐயா. வாய்க்குள்ள வெடிச்சிருக்கு.”

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். காட்டுப் பன்றிக்கு வயலோரம் வைக்கிறார்களே, வெங்காய வெடி, அதுதான். உருண்டையாக இருக்கும். கடித்தால் வெடிக்கும். கரடியனாற்றுப் பக்கம் வேலை செய்த காலத்தில் மாடுகளின் வாயில் இதே காயத்தைக் கண்டிருக்கிறாராம்; அவற்றில் ஒன்றும் பிழைக்கவில்லையாம். “மணம் வர மேல கருவாடு பூசுவாங்க” என்றார்.

கருவாட்டு மணம். உருண்டை. மனைவியின் உள்ளங்கை. தண்ணியாகக் கரைத்த பருப்புச் சோற்றை மட்டும் அந்த நாய் ஏன் கொஞ்சமாவது சாப்பிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கையில் இருந்த மிகப் பெரிய அன்பை நீட்டினோம். அதன் கண்ணுக்குத் தெரிந்ததோ வெடி.

வெளியே வந்து மச்சானுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“மச்சான், வீரன் வெடி கடிச்ச நாயா?”



“ஓம் மச்சான்.”

“ஆரு வெச்ச வெடி?”

“நான்தான் வெச்சன்.” மூச்சு வாங்குவது கேட்டது. “பண்டி வந்தா ஒரு ராவுல வயல் வட்டையையே உழுதுபோட்டுப் போயிரும். ஏலாத கட்டத்தில வரம்போரம் வெச்சன். அங்க இரிக்கக்குள்ள வேற ஆள்ர கை பட்ட சாமான வீரன் மோந்தும் பாக்காது. என்ட கை மணம் இருந்ததாலதான் அதக் கவ்வியிருக்கு.”

“என்னட்ட ஏன் சொல்லல்ல?”

“சொன்னா நீங்க எடுக்க மாட்டீங்க. அதுக்குப் பிறகும் என்னக் கண்டா அது வாலாட்டும் மச்சான். வாயால ரத்தம் வடிய வடிய வாலாட்டிச்சு. அதப் பாத்துக்கொண்டு என்னால இரிக்க ஏலல்ல.”

ஏசுவதற்காகத்தான் எடுத்தேன். வெயிலில் தொலைபேசியைப் பிடித்தபடி நின்றேன். அவர் அழைப்பைத் துண்டித்ததும் எனக்குத் தெரியவில்லை.

பின்னேரம் வீரன் கண் திறந்தது. வைத்தியர் மருந்துகளைத் தந்து, இனிமேல் மெல்லிய கஞ்சிதான், எதையும் உருட்டிக் கொடுக்கக் கூடாது, தட்டையான பாத்திரத்தில் பரப்பி வைக்க வேண்டும் என்றார். “கிட்டப் போக முதல் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டுங்க ஐயா. கைக்குள்ள ஒண்டும் இல்லையெண்டு அது காணட்டும். நாள் எடுக்கும்.”

வீட்டுக்கு வந்து நடந்ததை மனைவியிடம் சொன்னேன். முழுவதையும் நின்றபடியே கேட்டாள்.

“ஐயோ, நானும் அதயேதானே நீட்டின நான்” என்றாள்.

மிச்சக் கருவாட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். கிணற்றடிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டும் தேசிக்காய் தேய்த்தும் கையைக் கழுவினாள். முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கழுவினாள். அண்ணன் வந்து கொண்டுபோகட்டும் என்ற பேச்சை அவள் அதற்குப் பிறகு எடுக்கவேயில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். நாட்காட்டிப் பக்கம் போகவில்லை. கட்டிலுக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பிக் காட்டினேன். கட்டிலடி இருட்டுக்குள் இரண்டு கண்கள் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு தட்டையான தட்டில் கஞ்சியைப் பரப்பி வைத்தேன். அது பார்க்க ஒரு விரலால் தொட்டு நக்கிக் காட்டிவிட்டு, எட்டிப் போய் உட்கார்ந்தேன். முதலில் மூக்கு வெளியே வந்தது, பிறகு நாக்கு. இன்றைக்கும் என் வீட்டில் நாட்காட்டித் தாள் கிழிவது அந்த வெறுங்கையைக் காட்டிய பிறகுதான். நான் அன்பாக நீட்டியதை யாராவது வாங்க மறுத்தால், எனக்கு முன் நீட்டிய கைக்குள் என்ன இருந்ததோ என்றுதான் இப்போது முதலில் நினைக்கத் தோன்றுகிறது.